பதினேழு ஒன்றுகள்

"இது உடையும்" என்பதுதான் அவர் வாயில் அடிக்கடி வரும் சொல். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் பயந்துபோனேன். கல்யாணமாகி, யாழ்ப்பாணத் தீவொன்றிலுள்ள சுருவிலுக்கு வந்த புதிது. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி ஒழுங்கை முகப்பில் வந்து நிற்க, குடங்களோடு வரிசையில் நின்றோம். எனக்குப் பின்னால் நின்ற பெண் பவுசரையே உற்றுப் பார்த்தார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல், "இது உடையும்" என்றார். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினேன்.

"பவுசர் இல்லைப் பிள்ளை, அதின்ரை நம்பர். ரெண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொண்டு. பாக்க உடையாத எண் மாதிரி நல்ல பிள்ளையாய் நிக்குது. உள்ளுக்கை நாப்பத்தேழும் அம்பத்திமூண்டும் ஒளிச்சிருக்கினம். ரெண்டையும் பெருக்கினால் இதுதான்."

அவர்தான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மாமி, அதாவது என் கணவரின் அம்மா, குடத்தை வாங்கி இறக்கியபடியே, "அவளோடை என்ன கதை?" என்றார். "ஒண்டும் கதைக்கேல்லை மாமி." "கதைக்காதையும். அவள் ஆரையும் நம்பமாட்டாள். ஒருத்தரையும் நம்பாதவளை நாங்கள் எப்பிடி நம்புறது?"

ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் கணக்கக்கா. சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. பிறகு கேட்பதற்கு வெட்கமாகிவிட்டது. அவருடைய தகப்பன் தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். சகோதரர்கள் எல்லோரும் வெளிநாட்டில். சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பின் ஒருநாள் ஒரு பெட்டியோடு வந்து, பூட்டிக் கிடந்த தகப்பன் வீட்டைத் தனியாகத் திறந்தாராம். கம்பசில் கணிதம் படித்தவர் என்றும், படிப்பை முடிக்கவில்லை என்றும் சொன்னார்கள். புருஷனைப் பற்றி ஊரில் பல கதைகள். கொழும்பில் செத்துப்போனார் என்று ஒன்று, வேறொருத்தியோடு பிரான்சில் இருக்கிறார் என்று ஒன்று, அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்று இன்னொன்று. கணக்கக்கா எதையும் மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை.

மாமி சொன்னது பொய்யில்லை. கணக்கக்கா எதையும் சும்மா நம்பமாட்டார். மீன்காரர் "இண்டைக்குப் பிடிச்சது" என்றால் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகும், "எங்கை பிடிச்சது? எந்தக் காத்துக்குப் போனது?" என்று கேட்பார். ஊர்காவற்றுறையில் பஸ் போய்விட்டது என்று யாராவது சொன்னால், பஸ் நிற்கும் இடம்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். யாரையும் பொய்யர் என்று அவர் சொன்னதில்லை. ஆனால் அவர் கேட்கிற விதத்தில், உண்மை சொன்னவர்களுக்கும் தாங்கள் பொய் சொல்லிவிட்டோமோ என்று ஒரு கலக்கம் வந்துவிடும். அதனால்தான் அவரை யாருக்கும் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

சந்திக் கடைக்காரர் ஒருமுறை லொத்தர் சீட்டொன்றைப் பெருமையாகக் காட்டினார். நானூற்று எழுபத்திமூன்று என்ற எண் இரண்டு தரம் அடுத்தடுத்து வந்திருந்தது: 473473. "இரட்டை வாசி, அதிர்ஷ்டம் ரெண்டு மடங்கு" என்றார். கணக்கக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "மூண்டு இலக்கத்தை ரெண்டு தரம் எழுதினால் என்ன எண்ணெண்டாலும் ஏழாலை உடையும். பதினொண்டாலையும் உடையும், பதின்மூண்டாலையும் உடையும். இதிலை வாசி ஒண்டும் இல்லை" என்றார். சீட்டு விழவில்லை. அவர் உடையும் என்று சொன்னதால்தான் விழவில்லை என்று கடைக்காரர் பல காலம் குறைப்பட்டார். அதன் பிறகு நம்பர் எழுதிய எதையும் மக்கள் அவர் கண்ணில் படாமல் திருப்பி வைத்தார்கள்.

நான் அவருடைய குசினிக்குள் முதன்முதலில் போனது இரவல் வாங்கிய, மா அரிக்கும் அரிதட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு. எங்கள் இரண்டு வளவுகளுக்கும் நடுவில் இருந்த பனையோலை வேலியில் ஆள் நுழைகிற பொட்டு ஒன்று இருந்தது. அதனூடாகப் போனேன். அடுப்புக்கு எதிர்ச் சுவரில் கரியால் பெரிதாக ஒரு கோட்டு வரிசை. எல்லாம் ஒன்றுகள். பதினேழு ஒன்றுகள்.

11111111111111111

சுவரின் கீழே பழைய கலண்டர்த் தாள்கள், பின்பக்கம் முழுக்கப் பிரித்தல் கணக்குகள். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"இது ஒரு எண். இதுவும் உடையும். எதாலை உடையும் எண்டு எனக்குத் தெரியாது."

"தெரியாமல் எப்பிடி உடையும் எண்டு சொல்லுறியள்?"

"ஒராள் பொய் சொல்லுறார் எண்டு சிலநேரம் தெரியும்தானே? உண்மை என்ன எண்டு தெரியாட்டிலும்? அப்பிடி எண்களுக்கும் சோதனை இருக்கு. இது அந்தச் சோதனையிலை தப்பேல்லை. ஆனால் உள்ளுக்கை ஆர் இருக்கினம் எண்டு தேடித்தான் பிடிக்கவேணும்."

"போனிலை போட்டால் உடனை சொல்லுமே அக்கா."

"சொல்லும். எனக்கும் தெரியும்." அரிதட்டை வாங்கி ஆணியில் மாட்டினார். "ஆரோ சொல்லக் கேட்டு நம்பினது காணும், இனிப் போதும்."

அந்தப் பேச்சு எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுக்குச் செலவழிக்கக் காசு சகோதரர்கள் அனுப்புகிறார்கள், வேலைக்குப் போகத் தேவையில்லை, சரி. ஆனால் ஒரு மனுஷி சுவரில் ஒன்றுகளை எழுதிவைத்துவிட்டு வருடக்கணக்காக அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறார் என்றால், அது வெறும் கணக்காக இருக்குமா? அந்தப் பதினேழும் பதினேழு ஆட்களோ, வீடுகளோ என்று அன்றைக்கு என் மனமும் கணக்குப் போட்டது.

அப்படி நினைத்தது நான் மட்டுமல்ல. யாரோ எங்கேயோ போய்ச் சொல்லியிருக்கவேண்டும். ஒரு காலையில் சிவில் உடுப்பில், புலனாய்வுக்காரர் போல, இரண்டு பேர் மோட்டார்சைக்கிளில் வந்து அவருடைய படலையைத் தட்டினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் குசினிக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் பேசியது முழுவதும் கேட்டது.

"இது என்ன? ஒவ்வொரு ஒன்றும் யார்?" கேட்டவருக்குச் சிங்கள வாடை கலந்த தமிழ்.

"ஒருத்தரும் இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரு எண்."

"எதற்கு?"

"இதை மிச்சமில்லாமல் பிரிக்கக்கூடிய எண்ணைத் தேடுறன். எல்லா எண்ணையும் சந்தேகப்படத் தேவையில்லை. முப்பத்திநாலாலை பிரிச்சால் ஒண்டு மிஞ்சுற, உடையாத ஆக்களை மட்டும் விசாரிச்சால் காணும். நூற்றிமூண்டு, நூற்றிமுப்பத்தேழு, இருநூற்றிமுப்பத்தொன்பது, அப்பிடிப் போகும். மற்ற ஆக்களுக்கு விடுதலை."

வந்தவர்களில் ஒருவர் அதை எழுதிக்கொண்டார். "முப்பத்தி நான்கு யார்?" என்றும் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு வரவில்லை.

அவர்கள் போன கையோடு கணக்கக்கா வேலிப் பொட்டுக்கு வந்தார். "நீங்களோ சொன்னனீங்கள்?" என்று நேராகவே கேட்டார்.

"சத்தியமாய் இல்லை அக்கா."

"சரி" என்றார். அந்தச் 'சரி' நம்பினேன் என்பதல்ல. இன்னும் உடையவில்லை, பார்ப்போம் என்பதுதான். எனக்குக் கோபம் வந்தது. அதன் பிறகு பல மாதங்கள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. என் கணவரும் போகவேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

மறுபடி நான் அந்தப் பொட்டால் நுழையவேண்டி வந்தது வேறொருவரால்.

மாமியின் இளைய மகன் சண்டையின் கடைசிக் காலத்தில் வன்னியில் காணாமல் போனவர். நான் அவரைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மாமி எல்லா இடத்துக்கும் போய்ப் பதிந்தார், விசாரணைகளில் சொன்னார், பிள்ளையைத் தேடும் மற்றத் தாய்மாரோடு வெயிலில் இருந்தார். முழங்கால் ஏலாமல் போன பிறகுதான் நின்றார். ஒருநாள் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவன் பெருநிலத்திலிருந்து வந்தான். வயது நாற்பது இருக்கும். தான் ஒரு இடத்துக்குச் சாமான் ஏற்றும் வாகனம் ஓட்டுவதாகவும், அங்கே வெளியே தெரியாமல் சிலரை வைத்திருப்பதாகவும், அதில் ஒருவர் இந்த வீட்டுப் பெயரைச் சொன்னதாகவும் சொன்னான்.

அன்றைக்கு அவன் எதுவும் கேட்கவில்லை. மாமி போட்டுக் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டான், கையைக் கழுவினான், போனான். எதுவும் கேட்காததுதான் எனக்கு உறுத்தியது. மாமிக்கோ அதுவே அவன் நல்லவன் என்பதற்குச் சாட்சி.

என் கணவருக்கு யாழ்ப்பாணத்தில் வேலை, கிழமை முடிவில்தான் வருவார். அப்படி அவர் நின்ற ஒருநாள் அவன் மறுபடி வந்தபோது ஒரு கேள்வி கொடுத்துவிட்டார். தம்பி சின்ன வயதில் எங்கே விழுந்தவன், எங்கே காயம், கேட்டுக்கொண்டு வாரும் என்றார். அடுத்த முறை அவன் பதிலோடு வந்தான். கிணற்றுக் கட்டிலிருந்து விழுந்தது, நாடியில் தையல். சரியான பதில். மாமி நிலத்தில் இருந்து அழுதார். என் கணவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று போகும்போது அவன், அங்கே காவலுக்கு நிற்பவர்களைச் சரிக்கட்டவேண்டும் என்று சொன்னான். மாமி தன் கையைப் பார்த்தார். காலமான மாமா போட்ட காப்புகள், அடைவு கடைக்கும் போகாமல் மிஞ்சியவை. அடுத்த தரம் வாரும் தம்பி என்றார்.

எனக்கு நித்திரை வரவில்லை. வீட்டில் நான் ஒருத்தி மட்டும் நம்பாமல் இருக்கிறேனா, அல்லது நம்ப விரும்பாமல் இருக்கிறேனா என்று என்மேலேயே சந்தேகம் வந்தது. இந்த ஊரில் எதையும் நம்பாத ஒரே ஆளிடம் போனேன்.

கணக்கக்கா கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார். முடிந்ததும் சொன்னார்: "காயத்தைப் பற்றி உம்மடை மாமி எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பா? பதிஞ்ச இடமெல்லாம் அடையாளம் எண்டு சொல்லியிருப்பாதானே."

எனக்கு அது தோன்றவேயில்லை.

"ஐஞ்ஞூற்று அறுபத்தொண்டு எண்டு ஒரு எண் இருக்கு. உடையாத எண்களுக்கு வைக்கிற ஒரு சோதனை இருக்கெல்லோ, அதிலை திரும்பத் திரும்பத் தேறும். பாத்தால் உத்தமன். உள்ளுக்கை மூண்டும் பதினொண்டும் பதினேழும். தேறினதெல்லாம் உண்மை எண்டில்லைப் பிள்ளை. வேறை சோதனை வைக்கவேணும்."

"என்ன சோதனை?"

"ஒண்டைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஆனால் கண்டுபிடிச்சவன் சொன்னால், சரி பாக்கிறது சுகம். பெருக்கிப் பாத்தால் முடிஞ்சுது. சரி பாக்க ஒரு வழியும் தராதவனைத்தான் நான் நம்பிறதில்லை." கத்தியை வைத்தார். "அவன் வரேக்கை என்னைக் கூப்பிடும். சொந்தக்காரி எண்டு சொல்லும்."

அவன் ஒரு பின்னேரம் வந்தான். மாமி காப்புகளைக் கழற்றி ஒரு துணியில் முடிந்து மடியில் வைத்திருந்தார். கணக்கக்கா வந்து சுவரோடு ஒரு கதிரையில் இருந்தார். மாமிக்கு அது பிடிக்கவில்லை. வந்தவன் முன்னால் சண்டை பிடிக்க மனமில்லாமல் முடிச்சை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

முதலில் கணக்கக்கா சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டார். எந்தப் பாதையால் வந்தீங்கள், அங்கே என்ன சாப்பாடு, பெடியன் மெலிஞ்சிருக்கிறானோ. எல்லாவற்றுக்கும் அவன் தடக்காமல் பதில் சொன்னான். நல்ல மரியாதையான குரல். நான்கூட ஒரு கணம் இளகிவிட்டேன்.

"நாயைப் பற்றிக் கேக்கேல்லையோ அவன்?" என்று கணக்கக்கா தேத்தண்ணியை உறிஞ்சியபடி கேட்டார்.

"கேக்காமலோ அக்கா? ஒவ்வொருநாளும் அதே கதைதான். நாய் உயிரோடை இருக்கோ எண்டு."

"என்ன பேர் சொன்னவன்?"

"பேரைச் சொல்ல வெளிக்கிட்டு அழுதிட்டான். பிறகு நான் கேக்கேல்லை."

நான் மாமியைப் பார்த்தேன். இந்த வீட்டில் நாய் வளர்த்ததில்லை. இளையவருக்குச் சின்னதிலிருந்தே நாய் என்றால் பயம், ஒழுங்கையில் நாய் நின்றால் வேலிமேல் ஏறி நிற்பார் என்று என் கணவர் பலதரம் சொல்லிச் சிரித்திருக்கிறார். நான்தான் அதைக் கணக்கக்காவுக்கும் சொல்லியிருந்தேன்.

"தம்பி, இந்த வீட்டிலை நாயே வளர்க்கேல்லை" என்றார் கணக்கக்கா. குரலை உயர்த்தவில்லை.

அவன் வாயைத் திறக்கும் முன் மாமி சொன்னார்: "வளர்த்தது."

எல்லோரும் மாமியைப் பார்த்தோம்.

"வளர்த்தது. உமக்கு என்ன தெரியும்? நீர் அப்ப இஞ்சை இல்லை."

கணக்கக்கா மாமியின் பக்கம் திரும்பினார். "என்ன பேர் அக்கா?"

மாமியின் கண்கள் ஒருமுறை சுவர் மணிக்கூட்டுக்குப் போய் வந்தன. "மணி" என்றார்.

"ஓம் அம்மா, ஓம்" என்றான் அவன். "மணி. மணி எண்டுதான் சொன்னவன். இப்பதான் எனக்கும் ஞாபகம் வருது. மணி சாப்பிடுதோ எண்டு கேக்கச் சொன்னவன்."

மாமி அவனைப் பார்த்த பார்வை என் கண்ணுக்குள் இன்னும் இருக்கிறது. அந்தப் பெயர் ஒரு நிமிடத்துக்கு முன்னால் மாமியின் வாயில்தான் பிறந்தது. அது அங்கே இருந்த எல்லோரையும்விட மாமிக்கு நன்றாகத் தெரியும். அவர் மடியில் இருந்த முடிச்சை எடுத்தார். முழங்காலைப் பிடித்தபடி மெல்ல எழும்பினார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அவன் கதவைப் பார்த்து "அம்மா" என்று கூப்பிட்டும் பார்த்தான்.

"கடைசி பஸ்ஸுக்கு நேரமாகுது தம்பி" என்றார் கணக்கக்கா.

அவன் போய்விட்டான். பிறகு அந்தப் பக்கம் அவனை யாரும் காணவில்லை.

மாமி அடுத்த நாள் வேலிப் பொட்டை ஓலை வைத்து அடைப்பித்தார். நாங்கள் காப்பாற்றப்பட்டோம் என்றுதான் நான் நினைத்தேன். மாமி அப்படி நினைக்கவில்லை. "அவள் என்ரை வாயாலையே என்னைப் பொய் சொல்ல வைச்சவள்" என்றார். "அவன் பொய்யனாய் இருந்திட்டுப் போறான். எனக்கு என்ரை பிள்ளையின்ரை கதையோடை ஒரு ஆள் வந்துகொண்டிருந்தது." அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. ஒவ்வொரு நாளும் மகன் படத்துக்கு முன்னால் இருப்பதைக்கூட நிறுத்திவிட்டார். அது எனக்கு மற்றதைவிடப் பயமாக இருந்தது.

ஒன்று மட்டும் என்னை அரித்தது. சந்தையில் கணக்கக்காவைக் கண்டபோது கேட்டேன். "மாமி ஒரு பேரைச் சொல்லுவா, அவன் ஓம் எண்டுவான் எண்டு தெரிஞ்சுதான் கேட்டனீங்களோ?"

அவர் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை எண்டு சொன்னால் நம்புவீரோ?"

"தெரியாது."

"அப்ப நம்பாதையும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய முகத்திலிருந்து நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தாயொருத்தியின் பொய்யைக் கத்தியாக எடுத்தாரா, அல்லது அந்தத் தாய் சொன்னது உண்மையாக இருக்கக்கூடும் என்று உண்மையிலேயே சோதித்தாரா? இரண்டுக்கும் அவர் ஆள்தான்.

மழைக்காலம் போய் வெயில் வந்திருந்தது. ஒரு முற்பகல் கணக்கக்கா எங்கள் படலையில் வந்து நின்றார். தலை வாரவில்லை. கையில் ஒரு கலண்டர்த் தாள்.

"பிள்ளை, கொஞ்சம் வரேலுமோ? ஒரு பெருக்கல் பாக்கவேணும்."

"என்ன பெருக்கல்?"

"சுவரிலை இருக்கிற எண் உடைஞ்சிட்டுது போலை. இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்திமூண்டு. மிச்சமில்லாமல் போகுது. ஆனால் நான் செய்த கணக்கை நானே சரி எண்டு சொல்லேலாது. எனக்கு வேணும் எண்டதாலை கண் தவறவிடும். வேறை ஆள் பாக்கவேணும்."

"நான் போனிலை போட்டுப் பாக்கிறன்" என்று தொடங்கினேன். பின்னால் மாமியின் குரல் கேட்டது.

"நான் பாக்கிறன்."

மாமி பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டிக்காரி என்று மாமா சொல்லுவாராம். நான் அதை வீட்டுக்கதை என்று நினைத்திருந்தேன். மாமி கண்ணாடியை எடுத்துப் போட்டார். அடைத்த பொட்டைப் பார்க்காமல், ஒழுங்கையால் சுற்றிப் போனார். நானும் பின்னால் போனேன், இரண்டு பேரையும் தனியே விட எனக்குப் பயமாக இருந்தது.

குசினி நிலத்தில் பாயை விரித்தார் கணக்கக்கா. புதிய தாளில் மேலே 5363222357 என்றும், கீழே 2071723 என்றும் எழுதிக் கொடுத்தார். தன்னுடைய தாளைக் கவிழ்த்து வைத்தார். தேத்தண்ணி ஊற்றி மாமிக்குப் பக்கத்தில் வைத்தார். மாமி அதைத் தொடவில்லை.

"நீர் அங்காலை இரும். என்ரை கையைப் பாக்கக்கூடாது" என்றார் மாமி. கணக்கக்கா எழும்பிப் போய் வாசற்படியில் முதுகைக் காட்டி இருந்தார்.

மாமி வாய்விட்டுச் சொல்லித்தான் செய்தார். "மூவேழு இருபத்தொண்டு. ஒண்டு வை, ரெண்டு கையிலை." வரிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்று இடப்பக்கமாக நகர்ந்து படிபோல் இறங்கின. ஒரு இடத்தில் பிழைத்து, அந்த வரியை முழுதாக வெட்டி மறுபடி எழுதினார். நான் உதவி செய்யவா என்று கேட்டபோது கையால் தள்ளிவிட்டார். கணக்கக்கா ஒருதரமும் திரும்பவில்லை. 

பிறகு கூட்டத் தொடங்கினார். வலப்பக்கக் கடைசியில் ஒன்று. அதற்கு இடப்பக்கத்தில் ஒன்று. அடுத்ததும் ஒன்று. நாலைந்து வந்ததும் மாமி பென்சிலை நிறுத்திச் சுவரைப் பார்த்தார். மறுபடி குனிந்து, முன்னிலும் மெதுவாக, சந்தேகத்தோடு கூட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு நிரலிலும் வேறு வேறு இலக்கங்கள், வேறு வேறு கையிருப்பு. கீழே இறங்கும்போது எல்லாம் ஒன்று.

"எல்லாம் ஒண்டு" என்றார் மாமி.

கணக்கக்கா திரும்பி வந்து பாயில் இருந்தார். தாளை எடுத்துப் பார்த்தார். சுவரோடு ஒப்பிட்டார்.  இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார்.

மாமி கண்ணாடியைக் கழற்றவில்லை. "இது இனி மாறாதோ?" என்று கேட்டார்.

"மாறாது அக்கா."

"நாளைக்கு ஒருத்தன் வந்து, இல்லை, இது வேறை எண்டு சொல்லேலாதோ?"

"ஆர் வந்தாலும் சொல்லேலாது. நீங்கள் பெருக்கிப் பாத்திட்டியள்."

 மாமி ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். குடித்துவிட்டு, கோப்பையை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, மகன் போன அன்று என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தான் என்று சொல்லத் தொடங்கினார். எங்களுக்கு அவர் ஒருநாளும் சொல்லாதது. கணக்கக்கா இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நான் எழும்பி எங்கள் வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினேன். சோறு வெந்து, கறியும் இறக்கி, வேலிக்கு மேலால் சாப்பிட வரும்படி கூப்பிட்டேன். மாமியின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.